அணைக்கும் முன் ஒரு ரேஸ்

வண்டிப் பதிவேடு: செங்கோடு-3

2058 பிப்ரவரி 16. பகல் 11.40
உயரம் 3,740 மீட்டர். வெளியே மைனஸ் 43. ஆயில் அழுத்தம் சரி. டர்போ: இரண்டாவது, ஜனவரி 9 அன்று மாட்டியது. ஷாஃப்ட் ஆட்டம் அளவுக்குள். புகை லேசான கறுப்பு.

எழுதுவது கோகிலவாணி, டீசல் மெக்கானிக், ஊர் சங்ககிரி. இந்த வண்டியை அடுத்து எடுக்கப்போகிற மெக்கானிக் யாராக இருந்தாலும் வணக்கம். உங்களுக்குப் பாதி வேலை மிச்சமாகட்டும் என்றுதான் ஒழுங்காக எழுதுகிறேன்.

துளை முடிந்தது. ஊரில் ஆயிரம் அடி போர்வெல் போட்ட திருச்செங்கோட்டுக் கம்பெனி ரிக் லாரி, இங்கே அண்டார்டிகாவில் பனியைத் துளைத்து ஆராய்ச்சிக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டது. அவர்கள் நான்கு பேரும் முந்தாநாள் விமானத்தில் கிளம்பிவிட்டார்கள். லாரியைத் தலைமை முகாமுக்குக் கொண்டுசேர்க்க ஓட்டுநர் அர்த்தநாரியண்ணனும் நானும் மட்டும். 410 கிலோமீட்டர். ஊருக்குக் கடைசி விமானம் 21-ஆம் தேதி மாலை. விட்டால் அடுத்தது நவம்பரில்தான். பேட்டரி வண்டிகள் இந்தக் குளிரில் அரை நாளில் செத்துப்போவதால் இன்னும் டீசலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

டர்போவைப் பற்றி. இந்த உயரத்தில் காற்று பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது. காற்று இல்லாமல் டீசலை எவ்வளவு ஊற்றினாலும் கறுப்புப் புகையாகத்தான் போகும். காற்றைத் திணிப்பது டர்போவின் வேலை. எஞ்சின் வெளியே துப்பும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்று. மெல்லிய காற்று என்பதால் இங்கே அதைவிடவும் அதிகம். அந்த ஷாஃப்டைத் தாங்குவது முடி கனத்துக்கு ஓர் ஆயில் படலம், அவ்வளவுதான். ஆயில் நின்றால் இரும்பில் இரும்பு உரசும்.

முதல் டர்போவைக் கொன்றது அண்ணன். பழைய ஆள், எஞ்சினை அணைக்கும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து ரேஸ் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். டர்போ இல்லாத காலத்து லாரிக்காரர்களின் பழக்கம். டர்போ வண்டியில் அது கொலை. ரேஸில் சக்கரம் உச்ச வேகத்துக்குப் போகும். அந்த நொடியில் எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நிற்கும். சக்கரம் மட்டும் சொட்டு ஆயிலில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே மிச்சமிருக்கிற ஆயில் அந்தச் சூட்டில் கரியாகிப் பேரிங்கை அடைக்கும். ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் மெதுவாக ஓடவிட்டு, ஆறவைத்து அணைக்க வேண்டும் என்று மூன்று மாதம் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது:

"வண்டிகிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்கோணும் அம்மிணி. சும்மா சாவியத் திருவிட்டுப் போனா அது என்ன நெனைக்கும்?"

என்ன நினைக்கும், பேரிங் போச்சே என்று நினைக்கும் என்றேன். ஜனவரியில் டர்போவைக் கழற்றி அந்தக் கரியை அவர் உள்ளங்கையில் கொட்டிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். அன்றிலிருந்து ரேஸ் இல்லை.

புதிதாக வருகிறவருக்கு இன்னொரு குறிப்பு. டர்போவைச் சுற்றித் தகரம் மடித்து, அதன் சூட்டைக் கேபினுக்குள் கொண்டுவர நானே ஒரு குழாய் போட்டிருக்கிறேன். வண்டி ஓடும்போது ஹீட்டரே போதும், குழாய் மூடியிருக்கும். ஐடிலிங்கில் நிற்கும்போது தானாகத் திறந்துகொள்ளும். முகாமில் நிற்கிற செங்கோடு-1, 2 இரண்டுக்கும் இதையே போட்டுக்கொடுத்தேன். எல்லாரும் மெச்சிய வேலை.

மதியம் கிளம்புகிறோம்.

பிப்ரவரி 16. மதியம் 3.25
ஓட்டுநர் அர்த்தநாரி, வயது 57, இறந்துவிட்டார். காரணம்: மாரடைப்பு.

2.50-க்குப் பார்த்தேன். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை சாவியின் மேல் இருந்தது. முகாமில் ரேடியோவில் இருக்கும் பெர்க்மான்ஸ், டாக்டர் கேட்டதையெல்லாம் எனக்குச் சொன்னான்.

"அக்கா, மூஞ்சி என்ன நெறத்துல இருக்குன்னு டாக்டர் கேக்காரு."

கன்னம் இரண்டும் சிவந்து, குளித்துவிட்டுத் தூங்குகிறவர் மாதிரி இருக்கிறார் என்றேன். குளிரில் அப்படித்தான் இருக்கும், இந்த உயரத்தில் இந்த வயசுக்கு நெஞ்சு நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். வீட்டுக்கும் அப்படியே சொல்லிவிடுவார்களாம்.

அண்ணனைத் தார்ப்பாயில் சுற்றிப் பின்னால் இழுவைச் சறுக்கில் வைத்துக் கட்டினேன். எப்படி ஒண்டியாகத் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். 21-ஆம் தேதி விமானத்தில் அவரை ஏற்றுவேன். எட்டு மாதம் இந்தப் பனியில் அவரைக் கிடத்த மாட்டேன்.

பிப்ரவரி 17. மதியம் 1.15
ஓடியது 96 கி.மீ. மைனஸ் 45. ஆயில் அழுத்தம் சரி.

எனக்கு வண்டியைப் பிரிக்கத் தெரியும், பனிப் பிளவுகளுக்கு நடுவே ஓட்டத் தெரியாது. அதனால் கைநகலைப் போட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பெட்டி அது. பத்து வருஷமாக அண்ணனின் கையும் காலும் செய்ததையெல்லாம் பார்த்து எழுதி வைத்திருக்கிறது. ஓட்டுநருக்கு முடியாமல் போனால் அவர் ஓட்டுவது போலவே அதுவாக ஓட்டும். அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

அருமையாக ஓட்டுகிறது. மேட்டில் ஏறும் முன் அவர் மாதிரியே கொஞ்சம் தயங்குகிறது. காலி சீட்டுக்கு முன்னால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற டிராக் சங்கிலியை இறுக்கிக் கிரீஸ் வைக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு வண்டி நின்றது. நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஒரு ரேஸ் எகிறிவிட்டு நின்றது.

அண்ணா என்று வாய்விட்டே கூப்பிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: பெட்டி கற்றது பத்து வருஷப் பழக்கத்தை, நான் சொல்லிக்கொடுத்தது ஐந்து வாரம்தான். செத்தும் என் டர்போவை விட மாட்டேன் என்கிறார் மனுஷன். உட்கார்ந்து அழுதேன். பிறகு டிராக்கை இறுக்கினேன்.

பிப்ரவரி 18. பகல் 12.50
ஓடியது 189 கி.மீ. ஆயில் அழுத்தம் கொஞ்சம் இறக்கம். புகை நீலம்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டர்போவில் ஆயிலை அடைத்து வைக்கிற சீல் விட ஆரம்பித்திருக்கிறது. விசில் சத்தமும் மாறிவிட்டது. முன்பு கொசு மாதிரி இருந்தது, இப்போது சாணை பிடிப்பது மாதிரி இருக்கிறது. ஏர் குழாயைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஆடவே கூடாத பக்கம் ஆடுகிறது. வேறு டர்போ கைவசம் இல்லை.

அணைக்கும் முன் ஐந்து நிமிஷம் ஐடிலிங் என்று கைநகலுக்கு உத்தரவு போட்டேன். கேட்டுக்கொண்டது. ஐந்து நிமிஷம் பொறுமையாக ஐடிலிங்கில் நின்றது. அதற்கப்புறம் ஒரு ரேஸ் கொடுத்துவிட்டு அணைத்தது. என் பேச்சையும் கேட்கிறது, அவர் பேச்சையும் கேட்கிறது. நாசமாய்ப் போக.

தலைவலி. உயரம்தான் காரணம். இரண்டு மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 19. காலை 10.20
ஓடியது 270 கி.மீ. மைனஸ் 47.

இங்கே இந்த மாதம் இருட்டுவதே இல்லை. எப்போது தூங்குவது என்று உடம்புக்குத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்கு நிறுத்தி, முப்பது நிமிஷம் ஐடிலிங்கில் விடச் சொல்லிவிட்டு, சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் காலை நீட்டினேன். நல்ல தூக்கம். அப்படி ஒரு தூக்கம் இங்கே வந்ததிலிருந்து வந்ததில்லை.

திடீரென்று ரேஸ். எஞ்சின் நின்றது. நடுங்கிக்கொண்டு எழுந்தேன். மணி 7.11. முப்பது நிமிஷம் சொன்னதற்குப் பதினோரு நிமிஷத்தில் அணைத்துவிட்டது.

திட்டித் தீர்த்தேன். மறுபடி கிளப்பி, மறுபடி முப்பது நிமிஷம் போட்டேன். மறுபடி பதினோராவது நிமிஷத்தில் ரேஸ், நின்றது. மூன்றாவது தடவையும் அதேதான். மண்டை பிளக்கிறது, வாந்தி வந்தது. கதவைத் திறந்து வெளியே எடுத்தேன். குளிர்காற்று பட்டதும் கொஞ்சம் தேவலை. கண்ணாடியில் பார்த்தால் என் கன்னமும் சிவந்திருக்கிறது.

ஒவ்வொரு ரேஸும் டர்போவின் ஆயுளில் ஒரு துண்டு. இன்னும் 140 கிலோமீட்டர் இருக்கிறது. என்ன வேண்டும் உங்களுக்கு, அண்ணா?

பிப்ரவரி 19. மாலை 4.05
அந்த ரேஸை அழித்துவிடலாம் என்று கைநகலின் நினைவைத் திறந்தேன். அவருடைய கால் எந்த நொடியில் எந்தப் பெடலில் இருந்தது என்று வரிசையாக இருக்கிறது. பழைய பழக்கத்தோடு கடைசி நாளின் அசைவுகளையும் அது சேர்த்துக்கொள்ளுமாம். கடைசி நாளைப் பார்த்தேன்.

16-ஆம் தேதி. 2.10: வண்டி நின்றது, ஐடிலிங். 2.21: கால் ஆக்சிலரேட்டருக்குப் போகிறது. தொடுகிறது. மிதிக்கவில்லை. எடுத்துக்கொள்கிறது. கை சாவிக்குப் போகிறது. திருப்பவில்லை. 2.31 வரை கை சாவியில் லேசாக அசைகிறது. அதற்கப்புறம் எதுவுமே இல்லை.

பதினோராவது நிமிஷம். அவருடைய கால் செய்ய நினைத்து நிறுத்திக்கொண்டதை இந்தப் பெட்டி செய்து முடிக்கிறது.

16-ஆம் தேதிப் பதிவில் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. ரிக்கின் கேபிளைச் சுருட்ட நான் இறங்கும்போது அவரிடம் சொன்னேன்: "நான் வந்து சொல்ற வரைக்கும் ஆஃப் பண்ணக்கூடாதுங்ண்ணா. மறுக்காவும் ரேஸ் குடுத்தீங்கன்னா நடந்துதான் ஊர் போகோணும்." ஐந்து நிமிஷத்தில் வருவதாகச் சொன்னேன். கேபிள் உறைந்து சிக்கிக்கொண்டது. நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது.

அவர் காத்திருந்திருக்கிறார். நான் சொன்னதற்காக.

எதையும் அழிக்கவில்லை. மூடிவிட்டேன்.

பிப்ரவரி 20. காலை 9.30
ஓடியது 342 கி.மீ. நீலப் புகை அதிகம். ஆயில் எட்டு லிட்டர் ஊற்றினேன், கேன் ஒன்றுதான் மிச்சம்.

பெர்க்மான்ஸ் கூப்பிட்டான். அண்ணன் மனைவி ருக்மணியக்கா முகாமுக்குப் போன் செய்தார்களாம்.

"நெஞ்சு வலின்னு அந்த மனுசன் ஒருநாளும் சொன்னதில்லையே, கூட இருந்த புள்ளைக்கு என்ன தெரியும்னு கேட்டுச் சொல்லுன்னு அழுதாங்கக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

பிப்ரவரி 20. பகல் 11.55
டர்போவைப் பார்க்கச் சூட்டுக் குழாயின் தகரத்தைக் கழற்றினேன். நான்கு நாளாகக் கழற்றவில்லை, சோம்பல்.

தகரத்தின் உள்பக்கம் முழுக்கக் கரி. டர்போ எஞ்சினோடு சேரும் இடத்தில், மூன்றாவது போல்ட்டிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல். புகை சைலன்சருக்குப் போகும் முன்னே அங்கே கசிகிறது. கசிந்த புகையை என் தகரம் அழகாகப் பிடித்து, என் குழாய் வழியாக, நேராகக் கேபினுக்குள் அனுப்புகிறது. ஓடும்போது குழாய் மூடியிருக்கும், ஒன்றும் தெரியாது. ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் திறக்கும். கேபினில் இருந்த புகை அலாரம் குளிரில் பேட்டரி செத்து டிசம்பரிலேயே வாயை மூடிக்கொண்டது. இந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனை கிடையாது. தூக்கம் வரும். கன்னம் சிவக்கும்.

மூன்றாவது போல்ட் பழசு. ஜனவரியில் டர்போ மாற்றும்போது புதுப் போல்ட் ஒன்று குறைந்தது. பழசையே சூட்டோடு சூடாக இறுக்கினேன். ஒரு போல்ட்தானே என்று நினைத்தேன்.

ஐடிலிங்கில் விடாதே என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. விடு என்று நான்தான் சொன்னேன். அவருடைய பழக்கப்படி ரேஸ் கொடுத்து அணைத்திருந்தால் டர்போ போயிருக்கும். அவர் இருந்திருப்பார். நேற்று நான் மூன்று தடவை தூங்கினேன். மூன்று தடவையும் அவர் அணைத்தார்.

பெட்டிதான் அணைத்தது. பெட்டி என்றே எழுத வேண்டும்.

முகாமுக்குச் சொன்னேன்: செங்கோடு-1, 2-இல் நான் போட்ட சூட்டுக் குழாய்களை இப்போதே கழற்றுங்கள், தீப்பிடிக்கும் அபாயம். தீ என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 21. காலை 8.40
ஓடியது 404 கி.மீ. நின்றுவிட்டது.

பிளவுப் பகுதி நேற்று மாலையோடு முடிந்தது. இன்னொரு ரேஸை டர்போ தாங்காது என்று கைநகலின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கடைசி முப்பது கிலோமீட்டரை நானே ஓட்டினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. வலது கை விரல்களில் உணர்வில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது இடது டிராக் கழன்றது. அணைத்துத்தான் மாட்ட முடியும். ஐந்து நிமிஷம் ஐடிலிங், முறைப்படி. சாவியைத் திருப்பினேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி என் கையில் இருக்கிறது, கைநகலின் ஒயர் தரையில் கிடக்கிறது, எஞ்சின் தானாக வேகம் எடுக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும், எழுதுகிறேன். டர்போவின் சீல் மொத்தமாகப் போய்விட்டது. எஞ்சின் ஆயிலே காற்றோடு சேர்ந்து உள்ளே போய் டீசல் மாதிரி எரிகிறது. டீசலை நிறுத்தி என்ன பயன், அது தன் ஆயிலையே தின்று ஓடும். காற்றை அடைத்தால் மட்டும்தான் நிற்கும். இல்லையென்றால் வெடிக்கும். இதற்கென்றே ஒரு இரும்புத் தகடு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏர் குழாயின் வாய்க்கு முன்னால் தகட்டோடு நின்றேன். அதுவரை நான் கேட்டிராத அளவுக்குப் பெரிய ரேஸ். பனி முழுக்க நீலப் புகை. பின்னால் சறுக்கில் தார்ப்பாய் அதிர்ந்துகொண்டிருந்தது. உடனே அடைக்க வேண்டும் என்று தெரிந்தும் கை போகவில்லை. அன்றைக்கு மிதிக்க விடாமல் தடுத்தேன். இன்றைக்கும் தடுக்கவா?

எத்தனை விநாடி விட்டேன் என்று தெரியாது. சொல்லி முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு அடைத்தேன். ஒரு குலுக்கலோடு அடங்கியது.

பிப்ரவரி 21. பகல் 11.10
மைனஸ் 44. காற்று பலம். எஞ்சின் முடிந்தது, இனி ஓடாது. கேபின் ஐஸ்பெட்டி. ரேடியோ பேட்டரி கடைசிக் கோட்டில்.

"அக்கா, காத்து கொஞ்சம் அடங்குனதும் ஸ்னோபைக் ரெண்டு வருது. மூணு மணி நேரம் ஆவும். தூங்கிராதீங்க. பிளேனைப் பிடிச்சு வச்சிருக்கோம். அண்ணனையும் சேத்துத்தான் ஏத்துறோம்."

தூங்காமல் இருக்க எழுதுகிறேன்.

திருத்தம். பிப்ரவரி 16, மதியம் 3.25 பதிவு. "காரணம்: மாரடைப்பு" என்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். காரணம்: மூன்றாவது போல்ட்டில் விரிசல், அதன் மேல் நான் போட்ட சூட்டுக் குழாய், அணைக்கக் கூடாது என்று நான் போட்ட உத்தரவு. முகாமுக்குத் தீ அபாயம் என்று சொன்னது பொய். டாக்டருக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது. செய்தது கோகிலவாணி. இதை ருக்மணியக்காவிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இருந்தால் நானே சொல்வேன்.

சொல்லாமல் இறங்கவில்லை நான்.

பிப்ரவரி 21. பகல் 11.32
இதையும் பதிவு செய்கிறேன். ஏர் குழாய் தகட்டால் அடைத்து, கம்பி போட்டு முறுக்கியிருக்கிறது. சாவி என் சட்டைப் பையில். டீசல் வால்வு மூடியிருக்கிறது.

எஞ்சின் ஐடிலிங் சத்தம் கேட்கிறது. ஸ்னோபைக் சத்தம் இல்லை, எனக்குத் தெரியாத சத்தமா அது. ஸ்டீயரிங்கில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இல்லை. சத்தம் பின்னால், சறுக்குப் பக்கமிருந்து வருகிறது. அங்கே எஞ்சின் கிடையாது.

உயரம். விஷப்புகை. தூக்கமின்மை. காரணம் இவற்றில் ஒன்று.

11.21-க்குத் தொடங்கியது. மணி பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது பதினோரு நிமிஷம்.

ஒரு ரேஸ்.

நின்றுவிட்டது.

இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.